கட்டுக்கு ஒரு அட்டை

காகிதக் கப் செய்யும் இயந்திரம் ஓட ஆரம்பித்துவிட்டால் அந்த முன்னறையில் வேறு எதுவும் காதில் விழாது. வெட்டிய காகிதம் ஒரு பக்கம் உள்ளே போகும். வளைந்து, ஓரம் சூடுபட்டு ஒட்டி, அடியில் வட்டம் பொருந்தி, மறுபக்கம் கப்பாக வந்து விழும். தெருவே நெட்டை என்று கூப்பிடும் அவள் அவற்றை ஐம்பது ஐம்பதாக அடுக்கி உறையில் போட்டுக் கட்டுவாள். கட்டுவதற்கு முன் உள்ளே ஒரு அட்டை.

"கட்டுக்கு ஒரு அட்டை, மறக்கவே கூடாது. கப்பு தீர்ந்துபோகும், அட்டை அந்த வீட்டுல கிடக்கும்," என்று சிறுதொழில் பயிற்சி மையத்து ஆசிரியை சொல்லியிருந்தாள். நெட்டை அதை மனப்பாடம் செய்தாள். மூன்று வருடத்தில் அது தலையிலிருந்து கைக்கு இறங்கிவிட்டது. எங்கோ யோசனையாக இருந்தாலும் கை பாட்டுக்கு வைத்துவிடும்.

அட்டையில் ஒரு கப் படமும் ஃபோன் எண்ணும் இருக்கும். கீழே, 'உங்கள் வீட்டு விசேஷங்களுக்கு மறுபடியும் எங்களையே அழையுங்கள்.' அந்த வரியை எழுதிக் கொடுத்தவள் எதிர்வீட்டுக் குட்டை.

"எங்களையா? நான் ஒருத்திதானேடி இருக்கேன்," என்று நெட்டை கேட்டாள்.

"ஒருத்தின்னு தெரிஞ்சா எவன்டி ஆர்டர் கொடுப்பான்? பின்னாடி பத்துப் பேர் நிக்கிற மாதிரி இருக்கட்டும். நான் வேணா வந்து நிக்கிறேன். ஆனா என் உயரத்துக்கு யார் கண்ணுக்கும் தெரியமாட்டேன்."

அதற்கு முன் பல வருடங்கள் இருவரும் ஒரே சாக்கில் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பொத்தான் தைத்தவர்கள். ஒரு வீட்டில் உலை வைக்காத நாளில் மற்ற வீட்டுச் சோறு இரண்டாகப் பிரியும். யாரும் யாருக்கும் நன்றி சொன்னதில்லை. பயிற்சிக்குக் கூப்பிட்டபோது குட்டை, "மீட்டிங்கு, கையெழுத்து எல்லாம் எனக்குத் தூக்கம் வரும். நீ போய் பெரிய ஆளாகு," என்றுவிட்டாள். நெட்டை போனாள். தகரக் கூரை போய்த் தளம் வந்தது. மகள் வேறு ஊரில் விடுதியில் தங்கி நர்ஸ் படிப்பு படிக்கிறாள். கணவன் போன இடம் தெரியாமல் போய்ப் பல காலம். ஒழுகாத வீட்டில் அவளும் இயந்திரமும்தான்.

மத்தியானம் பேச்சுக்கு ஆள் வேண்டுமானால் குட்டை தன் வாசலிலிருந்தே நெட்டையின் ஜன்னலில் ஒரு பொத்தானை வீசுவாள். கம்பியில் பட்டு டிங் என்று கேட்கும். இயந்திரம் வந்தபின் நெட்டைக்கு அது கேட்கவில்லை. சாயங்காலம் பெருக்கும்போது ஜன்னலடியில் இரண்டோ மூன்றோ பொத்தான்கள் கிடக்கும். இத்தனை தடவை கூப்பிட்டிருக்கிறாள் என்று எண்ணிக்கொள்வாள். நாளைக்குப் போகலாம் என்று ஒரு கப்பில் போட்டு ஜன்னல் மேடையில் வைப்பாள். நாளைக்கு வேறு ஆர்டர் வந்துவிடும்.

குட்டையின் கணவர் சந்தையில் மூட்டை தூக்குபவர். ஒரு காலையில் மூட்டையை இறக்கிவிட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

நெட்டை இயந்திரத்தை நிறுத்தினாள். பெரிய ஆர்டர் ஒன்று கைவிட்டுப் போனது, போகட்டும். துக்கத்துக்கு வருகிறவர்களுக்குத் தேநீர் கொடுக்க வேண்டுமே என்று அடுக்கிலிருந்த கட்டுகளில் எட்டை மார்போடு அணைத்து எடுத்துப்போய் அடுப்படியில் வைத்தாள். குட்டையின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையைக் குட்டை விடவில்லை.

உள்ளேயிருந்து குட்டையின் நாத்தனார் ஒரு அட்டையோடு வந்தாள். சத்தமாகவே படித்தாள். "விசேஷங்களுக்கு மறுபடியும் எங்களையே அழையுங்களாம்! இந்த வீட்டுல இன்னும் எத்தனை பேர் சாகணும்மா உனக்கு?"

யாரோ ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்றினார். குட்டை அட்டையை வாங்கிப் பார்த்தாள். தான் எழுதிய வரிதான். நெட்டையின் கையிலிருந்து தன் கையை மெல்ல எடுத்துக்கொண்டாள்.

அதன்பிறகு ஜன்னலடியில் பொத்தான் விழவில்லை. மன்னிப்புக் கேட்க நெட்டை மூன்று முறை போனாள். மூன்று முறையும் நாத்தனார்தான் கதவைத் திறந்தாள், உள்ளே விடவில்லை. மத்தியானங்களில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்து பார்த்தாள். எத்தனையோ கட்டுகள் செய்தவளுக்கு எட்டுக் கட்டைப் பிரித்துப் பார்க்க ஏன் தோன்றவில்லை? அன்றைக்கு மனசு அழுதுகொண்டுதான் இருந்தது. கை மட்டும் என்றைக்கோ கடைக்காரியாகிவிட்டிருந்தது. இதை மகளிடம் ஃபோனில் சொல்லப் பார்த்தாள். "ஒரு அட்டைதானேம்மா," என்றாள் மகள்.

கடைசியில் மளிகைக்காரரிடம் அடுக்கிக் கட்ட ஒரு ஆள் வேண்டும் என்று சொல்லி வைத்தாள். யார் காதில் விழ வேண்டும் என்று சொன்னாளோ, அந்தக் காதில் விழுந்தது.

இரண்டு வாரம் கழித்துக் குட்டை வாசலுக்கு வெளியே நின்றாள். "ஆள் தேடுறீங்களாமே."

நீங்க. நெட்டை எழுந்து வாசலுக்கு வந்தாள். "உள்ள வாடி. அன்னைக்கு அந்த அட்டை, நான்..."

"எத்தனை மணிக்கு வரணும்?"

"உனக்கு எப்போ முடியுமோ."

"மணி சொல்லுங்க. சம்பளத்துக்கு வர்றேன், நேரம் தெரிஞ்சுக்கணும்ல."

"ஒன்பது," என்றாள் நெட்டை.

மறுநாள் ஒன்பதுக்கு வந்தாள். எதிரெதிரே இருவரும் உட்கார்ந்தார்கள். குட்டையின் விரல்கள் வேகமாக ஓடின. இடையில் அவள் கண் ஜன்னல் மேடைக்குப் போனது. கப்பை எடுத்து எட்டிப் பார்த்தாள். விளிம்புவரை பொத்தான்கள். நெட்டை இயந்திரத்தை நிறுத்தினாள். ஏதாவது சொல்வாள், திட்டினால்கூடப் போதும் என்றிருந்தது.

"இருபது சட்டைக்கு ஆகும்," என்றாள் குட்டை, கப்பைப் பார்த்துக்கொண்டே. இருந்த இடத்திலேயே அதைத் திரும்ப வைத்தாள். பிறகு ஐம்பதை அடுக்கி, ஒரு அட்டையைக் கையில் எடுத்து நிறுத்தினாள்.

"இந்தக் கட்டு எந்த வீட்டுக்கு?"

"பேக்கரிக்கு."

அட்டையை உள்ளே வைத்துக் கட்டினாள். அடுத்த கட்டை எடுத்தாள்.

"இது?"

"அதுவும் பேக்கரிக்குத்தான். எல்லாமே பேக்கரிக்குத்தான்டி."

"இருக்கட்டும். கேட்டுட்டே வைக்கிறேன்," என்றாள் குட்டை.

அன்று முழுவதும் அவள் கேட்டாள், நெட்டை பதில் சொன்னாள். கேள்வி காதில் விழுவதற்காக ஒவ்வொரு கட்டுக்கும் இயந்திரத்தை நிறுத்த வேண்டியிருந்தது.