குறுக்குக் காற்று

இப்போதெல்லாம் ஜனங்கள் இரண்டு பக்க ஜன்னலையும் திறந்துபோட்டுக் குறுக்குக் காற்றில் தூங்குகிறார்கள். அது பட்டால் கழுத்து பிடிக்கும், முகம் கோணும். நிஷ் நகரத்துக்காரர்களான எங்களுக்கு அது தெரியும். அதனால்தான் இந்த அனலிலும் நான் ஜன்னலைச் சாத்தினேன். என் மனைவி ஸ்டாங்கா மயங்கி விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பெண் கேட்டாள்: "ஃபேனாவது போட்டீங்களா, தாத்தா?"

"அதுவும் காத்துதானேம்மா."

கட்டிலில் கிடந்த ஸ்டாங்கா கண்ணைத் திறந்தாள். "நான் திறக்கத் திறக்கச் சாத்தினாரு டாக்டர். ஜூலைன்னா சுடத்தான் செய்யும்னாரு."

"இது உங்க காலத்து ஜூலை இல்ல தாத்தா. ராத்திரிகூட ஆறமாட்டேங்குது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா பாட்டி போயிருப்பாங்க."

வார்டே என்னைப் பார்த்தது. நான் ஸ்டாங்காவின் வெடித்த உதட்டைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டேன்.

"போய் எல்லா ஜன்னலையும் திறந்து வைங்க. இல்லேன்னா நான் வீட்டுக்கு வரல" என்றாள்.

திறக்கத்தான் கிளம்பினேன். ஆஸ்பத்திரி நடையில் இரண்டு பக்கமும் ஜன்னல் திறந்திருந்தது. சட்டைக் காலரைத் தூக்கிக் கழுத்தை மூடிக்கொண்டு நடந்தேன்.