கார்டு எண் 1187

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அந்த வெள்ளிக்கிழமை அது டீக்கடையில் வைத்து வந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்து அன்றோடு ஆறு மாதம் முடிகிறது. ஆறு மாதத்துக்குள் ஒரு வேலையாவது தனியாக முடித்துக் கையெழுத்துப் போட்டால்தான் நிரந்தரம் என்று முதலாளி லோகநாதன் சேரும்போதே சொல்லியிருந்தார். அந்த வேலையை அன்று மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் திங்கட்கிழமை நான் ரயில் ஏற வேண்டியதில்லை. பதினாறு வருடம் வீட்டில் இருந்துவிட்டு, மகளோடு உட்கார்ந்து கணினி படித்து, நாற்பத்து நான்கு வயதில் வாங்கிய வேலை இது. எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவேன்?

வேலை இதுதான். ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் மருத்துவமனைக்குப் புது மென்பொருள் வருகிறது. நாற்பது வருடத்து நோயாளிகளின் பதிவுகள் பழைய ஃபைலில் இருக்கின்றன. காகிதத்தில் இருந்ததையும் யாரோ பொறுமையாகத் தட்டி ஏற்றியிருந்தார்கள். அதைப் புதியதற்கு மாற்ற வேண்டும். எங்கள் மேப்பிங் டூலைத் திறந்தால் இடப்பக்கம் பழைய ஃபைலின் கட்டங்கள், வலப்பக்கம் புதியதன் கட்டங்கள். எது எங்கே போக வேண்டுமோ அதற்கு மவுஸால் கோடு இழுக்க வேண்டும். ஃபைல் ஆவடியில் அவர்களுடைய சர்வரை விட்டு நகராது. அம்பத்தூரில் உட்கார்ந்தபடியே அதைத் திறந்து பதிவுகளைப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

திறந்தால் முதல் நூறு பதிவு வரும். அதற்கு மேல் வேண்டுமென்றால் தேட வேண்டும், யாரும் தேடுவதில்லை. நூறு சரியாக இருந்தால் மொத்தப் பன்னிரண்டாயிரம் பதிவும் சரி என்பது எங்கள் ஆபீஸின் எழுதாத சட்டம். எழுதிய சட்டமும் ஒன்று உண்டு. தெரிந்தவர் பதிவைத் தேடக் கூடாது. யார் எதைத் தேடினார் என்று டூலே குறித்து வைத்துக்கொள்ளும்.

அன்று மூன்று மணிக்கு டீக்கடையில் விக்ரம் என்னைச் சீண்டினான். இருபத்தைந்து வயது, எனக்குப் பக்கத்து மேசை, கெட்டிக்காரன். இந்த மேப்பிங்கில் முக்கியமான கோட்டை முதலில் போட்டுக் காட்டியதே அவன்தான். குடும்பத்துக்கு ஒரு கார்டு எண், அதற்குள் ஆளுக்கு ஒரு வரிசை எண். இரண்டும் சேர்ந்தால் ஒரு நோயாளி.

"இன்னாக்கா, நூறு பாக்க ஆறு மாசமா? கையெழுத்த போட்டுட்டு போய்க்கினே இரு" என்றான்.

பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். நூறு என்ன நூறு, அத்தனையும் பார்க்கிறேன் பார் என்று மனசுக்குள் ஒரே எரிச்சல். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், தேடும் கட்டத்தில் என் விரல் அடித்தது எங்கள் வீட்டுக் கார்டு எண்ணை. நான் வளர்ந்தது அந்தக் குவார்ட்டர்ஸில்தான். அப்பா சண்முகசுந்தரம் விருதுநகரிலிருந்து வந்து அந்தத் தொழிற்சாலையில் லேத் ஓட்டும் டர்னராக இருந்தவர். காய்ச்சல், வயிற்றுவலி எதுவானாலும் கவுன்ட்டரில் போய் "1187" என்போம். அது எனக்கு என் பிறந்தநாள் மாதிரி மனப்பாடம்.

பத்து வரிகள் வந்தன. ஒன்று அப்பா, இரண்டு அம்மா, மூன்று நான். அப்பா போய் ஒன்பது வருடம் ஆகிறது. திரையில் அவர் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தேன். அதற்குக் கீழே மறுபடியும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வேறு ஒரு குடும்பம். அதற்கும் கீழே மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று என்று இன்னொரு குடும்பம். அவர்கள் பெயரைச் சொல்ல மாட்டேன், ஒரு தடவை விதியை மீறியது போதும்.

குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். அங்கே கார்டு ஆளுக்குக் கிடையாது, வீட்டுக்கு. ரிடையர் ஆகி வீட்டுச் சாவியை ஒப்படைக்கும்போது கார்டையும் ஒப்படைக்க வேண்டும். அடுத்துக் குடி வருகிறவருக்கு அதே எண்ணில் புதுக் கார்டு. முதலில் வந்த நூறு பதிவும் புதிதாகக் கட்டிய பிளாக்குடையவை. அங்கே முதல் குடித்தனமே இன்னும் காலி செய்யவில்லை, அதனால்தான் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. இதெல்லாம் தெரிந்த நானே நூறைப் பார்த்துத் தலையாட்டியிருக்கிறேன். என்னையே அறைய வேண்டும் போல இருந்தது.

அப்புறம்தான் ஒவ்வொரு குடும்பத்திலும் மூன்றாம் எண்காரர்களைப் படித்தேன். என் வரியில், ஏழு வயதில் பென்சிலின் ஊசி போட்டது, ஒத்துக்கொண்டது. இப்போது அந்த வீட்டில் இருக்கும் ஆறு வயதுக் குழந்தையின் வரியில், பென்சிலின் ஒத்துக்கொள்ளாது, போடக் கூடாது. நாங்கள் போட்ட கோட்டின்படி புது மென்பொருளில் அவளும் நானும் ஒரே ஆள். ஒரே பக்கத்தில் இரண்டும் இருக்கும், டாக்டர் எதை முதலில் பார்ப்பார்?

ஒரு நிமிடம் யோசித்தேன். வேறு ஏதாவது எண்ணைத் தேடி, அதில் தற்செயலாகக் கண்டுபிடித்தேன் என்று சொல்லலாம். சீ, அந்தப் பிழைப்பு எனக்கு வேண்டாம் என்று எழுந்து போனேன்.

லோகநாதன் என்னைவிடப் பத்து வயது சின்னவர். அயனம்பாக்கம் ஏரிக்கரையில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்களின் பிள்ளை, சொந்தமாகக் கம்பெனி வைத்திருக்கிறார். ஒரு மணி நேரத் தாமதம்கூட அவருக்கு ஆகாது.

"எங்க அப்பா கார்டைத் தேடினேன் சார், தப்புதான். ஆனா இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று பத்து வரியையும் காட்டினேன்.

"இன்னாக்கா சொல்ற? அஞ்சு மணிக்கு அனுப்பணும். போடலன்னா உன் வேல பூடும், தெரியுமில்ல?"

"தெரியும் சார். போகட்டும். அந்தப் புள்ளைக்கு யாராவது ஊசியைப் போட்டுட்டா நான் எங்க போய் நிப்பேன்?"

அவர் என்னை முறைத்துவிட்டு, மருத்துவமனையில் பதிவுகளைக் கவனிக்கும் தேவிப்பிரியாவை ஃபோனில் பிடித்தார். கார்டு வீட்டுக்குத்தானே, இதுகூடவா தெரியாது, யாரும் எங்களைக் கேட்கவில்லையே என்றாள் அவள். லோகநாதன் ஃபோனை வைத்தார். பிறகு வாடிக்கையாளரிடம் சனிக்கிழமை மதியம் வரை தவணை வாங்கினார்.

கார்டு கொடுத்த தேதி என்று ஒரு கட்டம் பழைய ஃபைலில் கோடே இல்லாமல் கிடந்தது. கார்டு எண்ணோடும் வரிசை எண்ணோடும் அதையும் சேர்த்துக் கோடு போட்டேன். மூன்று குடும்பங்களும் தனித்தனியாகப் பிரிந்து வந்தன. எத்தனை பேர் இப்படிக் கலந்திருப்பார்கள் என்று விக்ரம் எண்ணிப் பார்த்தான். நாலாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு. அவன் முகம் வெளிறிவிட்டது. சனிக்கிழமை பதினொன்றரைக்குக் கையெழுத்துப் போட்டேன். பெருமையாகத்தான் இருந்தது, அதை எதற்கு மறைக்க வேண்டும்?

கிளம்பும்போது லோகநாதன் இரண்டு உறைகளை நீட்டினார். ஒன்று நிரந்தர ஆணை. இன்னொன்று மெமோ.

"ரூல் ரூல்தான்க்கா. உனக்குக் குடுக்கலன்னா நாளைக்கு எவனும் என் பேச்ச கேக்க மாட்டான்" என்றார். நியாயம்தான் என்று வாங்கிக்கொண்டேன்.

நெமிலிச்சேரி ஸ்டேஷனில் என் கணவர் சிவராமன் காத்திருந்தார். வேலை போனாலும் போகும் என்று முந்தின நாளே சொல்லியிருந்ததால் மனிதர் பாதி இளைத்திருந்தார். என்ன ஆச்சு என்று கேட்டார். இரண்டு உறைகளையும் வெளியே எடுத்து, மெமோவை முதலில் கொடுத்தேன். அனுமதியின்றிச் சொந்தக் குடும்பத்தின் பதிவைத் தேடியதற்காக எச்சரிக்கை என்று படித்ததும் முகம் விழுந்துவிட்டது.

"முழுசாப் படிங்க" என்றேன்.

கடைசி வரியை லோகநாதனே தட்டியிருந்தார். இந்தத் தவறால்தான் 4,612 பேரின் மருத்துவப் பதிவுகள் காப்பாற்றப்பட்டன என்பதையும் நிர்வாகம் பதிவு செய்கிறது.

சிவராமன் அதை இரண்டு தடவை படித்தார். இன்னொரு உறையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அங்கேயே நின்று மகளுக்கு ஃபோன் போட்டு, பிளாட்பாரத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி அந்த வரியைப் படித்துக் காட்டினார்.