கருவறையில் கேட்ட பூ

அம்மாசி பூசாரி தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்து பித்தளைச் சொம்பைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். காபித் தோட்டத்திலிருந்து நேராக வந்த புஷ்பலதா, இடுப்பில் கட்டிய சாக்கைக்கூட அவிழ்க்காமல், மாரியம்மன் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றினாள். வாரத்தில் மூன்று நாள் இந்த வாசலைக் கூட்டுகிறவள், பதினேழு நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. கோயிலைச் சுற்றிச் சவுக்குக் கம்பங்களால் சாரம் கட்டியிருந்தார்கள். கருவறையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆளில்லாத ஊட்டப் பாத்து யாரக் கும்புடற?" அம்மாசி சிரித்தார். "அம்மா இப்ப இங்க, இந்தக் கொட்டகைக்குள்ள குடியிருக்கா."

கொட்டகையின் உள்ளே, செங்கல் மேடையில் ஒரு அத்திப் பலகை இருந்தது. அதில் மஞ்சளும் சிவப்புமாக வரைந்த அம்மன். முன்னால் விளக்கு எரிந்தது. சிமெண்ட் மூட்டை வைக்கப் போட்ட கொட்டகை என்றுதான் புஷ்பலதா நினைத்திருந்தாள்.

"எப்பங்க மாமா?"

"போன மாசம் கடைசி வெள்ளிக்கெழம. பாலாலயம் பண்ணுனமில்ல? நீ அன்னிக்கு உன்ற தங்கச்சியோட சேலத்துல இருந்த. கோயிலுங்கறது படுத்திருக்கற ஒடம்பாமா. கோபுரம் காலு, கருவறை தல. வந்த குருக்கள் மைக்குல நொம்ப நேரம் சொன்னாரு. ஒடம்பு ரிப்பேர் பாக்கோணும்னா உசுர மொதல்ல வெளிய எடுத்து வச்சரோணும். கொடத்துல எறக்கி, பலகைக்கு மாத்திட்டாங்க. கும்பாபிசேகத்தன்னிக்குத்தான் திரும்ப உள்ள போவா. அதுவரைக்கும் உள்ள இருக்கறது வெறுங்கல்லு."

புஷ்பலதா கருவறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அந்த வெள்ளிக்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை விடியலில்தான் அவள் பூ கேட்டாள்.

தங்கை சுஜாதாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய் ஒரு வருடமாகிறது. வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸ். எல்லாச் சோதனையும் முடித்து, அக்காவுடையது பொருந்துகிறது என்று டாக்டர் சொன்னபோது சுஜாதா ஒன்றும் கேட்கவில்லை, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அம்மனிடம் பூ கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி, புஷ்பலதா மலைக்கு பஸ் ஏறினாள். ஊரில் நிலம் வாங்கவும் பெண் கொடுக்கவும் அப்படித்தான் கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் அம்மனுக்குச் சம்மதம். அன்றைக்குப் பனி இறங்கியிருந்தது. கோயிலில் யாரும் இல்லை. நந்தியாவட்டையையும் செவ்வரளியையும் தனித்தனியே வாழையிலைத் துண்டில் மடித்து, நாரால் கட்டி, கருவறை நிலைப்படியில் போட்டுக் குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். சிவப்பு வந்தது.

போனில் சொன்னபோது சுஜாதா, "அம்மாவே வேண்டாங்கறா, நீ என்னக்கா பண்ணுவ? மனசப் போட்டு ஒழப்பிக்காத" என்றாள். அவள் புருஷன் சந்திரசேகரும் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. திட்டியிருந்தால் அழுவதற்காவது புஷ்பலதா கோயிலுக்கு வந்திருப்பாள்.

"மாமா, நான் அதுக்கடுத்த ஞாயித்துக்கெழம உள்ளதான் பூ கேட்டனுங்க."

அம்மாசியின் கை சொம்பின் மேல் நின்றது. எதற்குக் கேட்டாள் என்பது ஊருக்கே தெரியும்; எங்கே கேட்டாள் என்பதுதான் அவருக்குத் தெரியாது.

"யாரு எடுத்துக் குடுத்தா?"

"யாருமில்லீங்க. நானேதான்."

"கேட்டவங்களே எடுக்கறதில்லையே புள்ள." அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "சரி உடு. தெரியாமப் பண்ணது. இப்பக் கேளு. இங்க கேளு. நான் எடுத்துத் தர்றேன். பூவப் பறிச்சுட்டு வா, போ."

அவள் கோயிலின் பின்பக்கம் போனாள். செடியில் கை வைத்ததும் நின்றுவிட்டாள். நந்தியாவட்டை விரலுக்குள் ஈரத் துணி மாதிரி மசிந்தது. அரளி மொட்டு விறைப்பாக இருந்தது. இருபது வருடமாகக் காபிப் பழம் பறிக்கிற கை. இலைக்குள் விட்டால் கண் பார்க்காமலே எது பழம், எது காய் என்று பிரித்துவிடும். ஒரு மடிப்பு வாழையிலையா அந்தக் கைக்கு மறைப்பு? அன்றைக்கு முதலில் மெத்தென்ற ஒரு பொட்டலத்தைத் தொட்டாள். அதை விட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தாள். இத்தனை நாளும் அந்த ஒரு கணத்தை நினைக்காமல் இருப்பதற்காகவே அவள் கோயிலுக்கு வராமல் இருந்திருக்கிறாள்.

அம்மன் அங்கே இருந்திருந்தாலும் கை அதைத்தான் செய்திருக்குமா? கல்லுக்குள் யாரும் இல்லை, படிக்கு இந்தப் பக்கம் நின்றவளுக்குள் மட்டும் யார் இருந்தார்கள்? பயம் இருந்தது. கத்தி, மயக்கம், விலாவுக்குக் கீழே தையல், அப்புறம் சாக்கு மூட்டை தூக்க முடியாத இடுப்பு. அதைத் தங்கச்சியிடம் சொல்ல வாய் வராமல் அம்மன் வாயில் வைத்துவிட்டாள். இப்போது கேட்டு வெள்ளை வந்தால், கொடுப்பது அம்மன். சிவப்பு வந்தால், மறுப்பதும் அம்மன். நடுவில் அவள் எங்கே?

வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

"பூ எங்க புள்ள?"

"வேண்டாமுங்க மாமா."

"அம்மா மேல கோவமா?"

"கோவம் எங்கிருந்துங்க? அவ இல்லாதப்ப அவ பேரச் சொல்லிட்டு வந்துட்டேன்."

அம்மாசி மறுபடி புளியை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினார். அவள் சாக்கை அவிழ்த்து வைத்துவிட்டு வாசலைக் கூட்டினாள். கம்பத்து அடியில் கிடந்த மரத்தூளெல்லாம் ஒரு பக்கமாகத் திரண்டது. விழுந்து கும்பிடாமல் போனாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் சேலம் இறங்கினாள். டயாலிசிஸ் அறையில் ஆறு கட்டில்கள். கடைசிக் கட்டிலில் சுஜாதா படுத்திருந்தாள். கையிலிருந்து கிளம்பிய குழாயில் ரத்தம் மெஷினுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது.

"என்னக்கா, எஸ்டேட்டுக்கு லீவா? ஆள்கணக்கு எழுதற ரைட்டர் உன்னைய லேசுல உட மாட்டானே." சிரிக்கப் பார்த்தாள். உதடு வெடித்திருந்தது.

புஷ்பலதா கட்டிலின் கால்மாட்டிலேயே நின்றாள். மலையிறங்கும் இருபது வளைவிலும் பஸ்ஸில் சேர்த்துவைத்த வார்த்தைகளை ஒதுக்கிவிட்டுச் சொன்னாள்.

"சுஜா, அம்மா வேண்டாம்னு சொல்லல. நாந்தான் சொன்னேன். பயந்துக்கிட்டேன். இப்பவும் பயமாத்தான் இருக்குது."

பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். மெஷின் ஒரு முறை கூவி அடங்கியது. நர்ஸ் வந்து ஏதோ பொத்தானை அழுத்திவிட்டுப் போனாள்.

சுஜாதா கூரையைப் பார்த்தபடியே கிடந்தாள். வெகுநேரம் கழித்து, போர்வைக்குள் வீங்கியிருந்த கால்களை மெல்ல மடக்கிக்கொண்டாள். கட்டிலின் ஓரத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் வந்தது. அது தனக்காகவா, கால் வலித்ததாலா என்று தெரியாமல், போர்வையில் விழுந்திருந்த அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டு புஷ்பலதா நின்றாள்.