பூனை எத்தனை முறை திரும்பும்

பத்து இருபதுக்கு, ஒட்டகம் என்று எல்லோரும் கூப்பிடும் நண்பனின் குரல்செய்தி வந்தபோது அவன் டம்ளர்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தான். பாதி அவளுக்கு, பாதி அவனுக்கு என்றுதான் முதலில் பேச்சு. ஆறில் ஒன்று போன வருடமே உடைந்துவிட்டதால் ஐந்தில் பாதி எப்படி என்று குழப்பம் வந்து, "எல்லாத்தையும் நீயே எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டான். பதினொரு வருடக் கல்யாணத்தில் அவன் காட்டிய பெருந்தன்மைகளை வரிசைப்படுத்தினால் இது முதல் மூன்றுக்குள் வந்துவிடும். பதினொரு மணிக்கு அவள் சாமான்களை ஏற்ற வண்டி வரும். கையெழுத்தெல்லாம் போன வாரமே போட்டாயிற்று. பல் பிடுங்க ஊசி போட்டுக்கொண்டவன் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதுபோல அவன் மூன்று மாதமாகத் தன்னைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். கன்னம் இருந்தது. யாருடையது என்பதுதான் தெரியவில்லை.

செய்தி இரண்டு பேருக்கும் பொதுவான சீட்டாட்டக் குழுவில் வந்திருந்தது. காலியான கூடத்தில் ஒட்டகத்தின் குரல் எதிரொலித்தது.

"அண்ணே, அண்ணி, இங்க ஒரே ரகளை! பைனல்ஸ். நம்ம கண்ணாடிப் பய காவலாளி கார்ட இறக்கி வச்சிருக்கான். நான் பூனை கார்ட இறக்கினேன். காவலாளி தூக்கி வெளிய போட்டான். பூனை திரும்ப வந்துச்சு. மறுபடி போட்டான். மறுபடி வந்துச்சு. முடியவே மாட்டேங்குதுண்ணே! ஆளாளுக்கு ஒரு நியாயம் பேசுறாங்க. நீங்க ரெண்டு பேரும் சொன்னாத்தான் ஆச்சு. அண்ணி, நீங்க என் பக்கம்தானே?"

அண்ணி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். கையில் ஒட்டுநாடா. "இன்னும் அவங்ககிட்ட சொல்லலையா நீ?"

"சொல்லணும்."

"மூணு மாசமா சொல்லணும்."

அவனுக்கு வேலை, மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைக்கிற காகிதத்தில் பிழை பார்ப்பது. உலகத்தில் யாருமே படிக்காத எழுத்தை நாள் முழுக்கப் படிக்கிறவன். அவளுக்கு வேலை, பல் செய்வது. கண்ணில் உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டு, அடுத்தவர் வாயில் போகப்போகிற பல்லுக்கு மெல்லிய தூரிகையால் மஞ்சள் பூசுவாள். இந்த இரண்டு தொழிலும் கல்யாணம் கட்டிக்கொண்டால் என்ன பிறக்கும்? இருநூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள் பிறந்தன. படம் அவள், விதி அவன். ஆளுக்கு ஒரு கட்டு வைத்துக்கொண்டு மோதவேண்டிய விளையாட்டு. முதலில் இவர்கள் மட்டும் ஆடினார்கள். பிறகு நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள் என்று நாலைந்து ஊர்களில் முப்பது பேர் தாங்களே அச்செடுத்து, வெட்டி, உறைபோட்டு ஆட ஆரம்பித்தார்கள். வருடம் ஒருமுறை யார் வீட்டு மாடியிலாவது போட்டி. விதிப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருப்பது: தகராறு வந்தால் இருவரும் சேர்ந்து தீர்ப்புச் சொல்லவேண்டும், ஒருவர் மட்டும் சொன்னால் செல்லாது. கல்யாணமான முதல் வருடத்தில் அவன் எழுதிய விதி. அப்போது இருவரும் ஒத்துப்போவதெல்லாம் ஒரு வேலையா என்று நினைத்திருந்தான்.

"டிரா" என்றான். "பூனை கார்டுல என்ன எழுதியிருக்கு? 'யார் வெளியே போட்டாலும் உடனே மேசைக்குத் திரும்பும்.' காவலாளி கார்டுல? 'மேசைக்கு மிருகம் வந்தால் வெளியே போடு.' ரெண்டுலயும் 'விருப்பப்பட்டால்'னு ஒரு வார்த்தை இல்ல. யாராலயும் நிறுத்த முடியாது. அப்போ டிரா."

"அநியாயம். பூனைதான் ஜெயிக்கும்."

"எப்படி?"

"காவலாளி தூங்கிடுவான்."

"அப்படின்னு எங்க எழுதியிருக்கு?"

"எழுதல. வரைஞ்சிருக்கேன்." அவள் பெட்டிகளைத் தாண்டி வந்து, கட்டிவைத்த சீட்டுப்பெட்டியைப் பிரித்து, காவலாளியை எடுத்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். "கண்ணுக்குக் கீழ பாரு. எவ்வளவு பெரிய பை. ரெண்டு நாளா தூங்காதவன். ஒரு கால்ல செருப்பு இல்ல. இவன் எத்தனை தடவை பூனையைத் தூக்கிப் போடுவான்? மூணு தடவை. நாலாவது தடவை, போய்த் தொலைன்னு விட்டுடுவான்."

"படத்துக்கு விதி கிடையாது. பதினாலாம் பக்கம்."

"பதினாலாம் பக்கத்தை எழுதினது யாரு, ஐயாதானே?"

அவனுக்கு லேசாகச் சூடு ஏறியது. மூன்று மாதத்தில் முதல் தடவை. வக்கீல் அறையில் வராத குரல், அம்மா தொலைபேசியில் அழுதபோது வராத குரல், ஒரு பூனைக்காக வந்தது. "இன்னைக்குப் படத்தைப் பாத்துத் தீர்ப்புச் சொன்னா, நாளைக்கு டிராகனுக்குச் சளின்னு ஒருத்தன் வருவான். மூக்கு சிவப்பா இருக்கேன்னு காட்டுவான்."

"அதுக்கு நிஜமாவே சளிதான். அந்த வாரம் எனக்கும் சளி."

சிரிப்பு வரவேண்டிய இடம். வரும் வழியில் எங்கோ நின்றுவிட்டது.

"இது எப்படி நம்ம கண்ணுல படாமப் போச்சு?" என்றாள். "புதுக் கார்டு ஒண்ணு செஞ்சா பழசு அத்தனையோடயும் மோத விட்டுப் பாப்போமே."

அவன் சீட்டுகளின் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் தேதிகளைப் பார்த்தான். பிழை பார்க்கிறவனுக்கு அதுதான் முதலில் கண்ணில் படும். பூனை, போன வருடம் மழைக்காலம். காவலாளி, அதற்கு ஏழு வாரம் கழித்து. பூனையின் வாசகத்தை அவன் கூடத்தில் உட்கார்ந்து எழுதி, மூடியிருந்த கதவுக்கு அப்பால் இருந்தவளுக்குக் கைப்பேசியில் அனுப்பியிருந்தான். படம் அதே வழியில் வந்தது. காவலாளியும் அப்படியே. அந்த ஏழு வாரத்தில் இருவரும் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அதற்குப் பிறகும் ஆடவில்லை. சண்டை என்றும் சொல்ல முடியாது. சாப்பாடு ஆச்சா, ஆச்சு, விளக்கை அணைச்சியா, அணைச்சேன். விதி எழுதியவனுக்கும் படம் வரைந்தவளுக்கும் தெரியாத ஓட்டையை முன்னூறு கிலோமீட்டர் தள்ளி ஒட்டகம் கண்டுபிடித்திருக்கிறான்.

தேதிகளை அவளிடம் காட்டினான். அவள் உருப்பெருக்கி இல்லாமலே படித்தாள். நாடாவின் முனையை நகத்தால் தேடினாள்.

"சரி. டிராவே போட்டுடு" என்றாள். "ரெண்டு பேர் சம்மதம்னு அனுப்பு. அப்படியே மத்ததையும் சொல்லிடு. இனிமே தீர்ப்பெல்லாம் நீயே பாத்துக்கிறதாச் சொல்லு. எனக்கு அனுப்ப வேணாம்னு."

"ஒருத்தர் சொன்னா செல்லாது."

"விதியை மாத்து. நீதானே எழுதுற."

"மாத்தவும் ரெண்டு பேர் வேணும்."

"அதான் நான் சம்மதிக்கிறேனே. இதோ, சம்மதம். போதுமா?"

எதையும் விட்டுவைக்காத பதில். இருபது வினாடியில் தட்டெழுதி அனுப்பிவிடலாம். கேட்டது கிடைத்துவிட்டது, கையில் கைப்பேசி இருக்கிறது, கட்டைவிரல் மட்டும் இறங்கமாட்டேன் என்கிறது. வழக்காடி ஜெயித்தவன் தீர்ப்பை வாங்கிக்கொள்ளாமல் கூண்டிலேயே நின்றால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

"ஆடிப் பாக்காம தீர்ப்பு அனுப்பினதில்லையே நாம" என்றான்.

அவள் அவனைப் பார்த்தாள். சுவரில் கடிகாரம் இருந்த இடத்தைப் பார்த்தாள். அங்கே ஆணி மட்டும் இருந்தது. பிறகு, 'அடுக்களை, உடையும்' என்று எழுதிய பெட்டிக்கு அந்தப் பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "சீக்கிரம்."

அவன் காவலாளியைப் பெட்டிமேல் வைத்தான். அவள் பூனையை வைத்தாள். அவன் பூனையை எடுத்துத் தரையில் போட்டான். அவள் எடுத்து மேலே வைத்தாள்.

"ஒண்ணு" என்றாள்.

போட்டான். வைத்தாள். "ரெண்டு."

ஒன்பதில் கைகள் இடித்துக்கொண்டன. இருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. பதினைந்துக்குமேல் அவள் எண்ணுவதை நிறுத்திவிட்டாள். அட்டை தரையில் விழும் சத்தமும் பெட்டியில் உட்காரும் சத்தமும் மட்டும். கீழே ஹாரன் அடித்தது. படியில் காலடிகள் கேட்டன. தோளில் பட்டையோடு ஒரு சுமைக்காரர் வாசலில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவர்.

"அம்மா, எதுலேருந்து ஆரம்பிக்கலாம்?"

"அந்த ரூம்லேருந்து எடுங்கண்ணே."

அந்த அறை காலியாக நெடுநேரம் பிடிக்கவில்லை. கட்டில் போயிற்று. அவள் மேசை, பிறகு தூரிகைகள் இருந்த டப்பா. ஒவ்வொரு முறையும் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கைப்பேசி இரண்டு தடவை அதிர்ந்து, தரையில் கொஞ்சம் நகர்ந்து ஓய்ந்தது. கடைசியில் கூடத்தில் ஒரே ஒரு பெட்டிதான் மிச்சம்.

சுமைக்காரர் பக்கத்தில் வந்து நின்று, தோளிலிருந்து பட்டையை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். "இதையும் ஏத்தணுங்களா?"

பூனை அப்போதுதான் பெட்டிமேல் வந்து உட்கார்ந்திருந்தது. முறை அவனுடையது. அவன் விரல்கள் சீட்டின் ஓரத்தைப் பிடித்திருந்தன. அவள் கை பெட்டியின் விளிம்பில், உள்ளங்கை மேலே பார்க்கத் தயாராக இருந்தது. சுமைக்காரர் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்று, ஆட்டம் புரிந்தவர்போல, காத்திருந்தார்.