கடைசிச் சொட்டு

சொட்டு என்பது அவளுக்குத் தெரு வைத்த பெயர். ஒன்பது வருடமாக முனையில் தள்ளுவண்டி போட்டு எலுமிச்சை ஜூஸ் விற்கிறாள். அவள் கையில் அகப்பட்ட பழம் பிழைத்ததாகச் சரித்திரமே கிடையாது. அறுத்த மூடியைக் கட்டைவிரலால் அழுத்தி, மணிக்கட்டை ஒரு திருகு திருகினால், ஒரு சொட்டுகூட உள்ளே தங்காது. அவள் கூடையில் விழுந்த தோலைப் பார்த்தால் மாடுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும். அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை.

அந்த முனையில் அடுத்த மாதம் குழாய் பதிக்கத் தோண்டப் போகிறார்கள். வண்டிக்கு வேறு இடமில்லை. எங்கே நிறுத்தினாலும் அங்கே ஏற்கெனவே ஒருத்தர் நிற்கிறார். இந்த நேரத்தில்தான் அவளுடைய நாத்தனார் ஒரு வழி சொன்னாள். அவள் வேலை பார்ப்பது பெரிய சலவைக்கூடத்தில், படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடும் உருளை மெஷினில். உள்ளே அடுப்பு மாதிரி வெக்கை. போன வாரம் இரண்டு பேர் மயங்கி விழுந்த பிறகு, பதினோரு மணிக்கு எல்லோருக்கும் குடிக்க ஏதாவது கொடுக்கவேண்டும் என்று மேனேஜருக்குப் புத்தி வந்தது. வாசல் பக்கத்தில் ஓர் அறை காலியாகக் கிடந்தது. குழாயோடு கூடிய அறை. தினம் எட்டுக் குடம் தண்ணீரை இடுப்பில் சுமக்கிறவளுக்குக் குழாய் என்றால் என்னவென்று சொல்லவேண்டியதில்லை.

மேனேஜர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. மூன்று நாள் ஜூஸ் போடட்டும், மூன்றாம் நாள் ஜூஸ் டிரம் காலியாக வேண்டும். மிச்சமிருந்தால் புட்டி சர்பத்துக்காரருக்கு அறை. அவரும் அந்த அறையைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

முதல் நாள், வாசல் கதவை ஒன்பதுக்குச் சாத்திவிடுவார்கள் என்பதால் எட்டு மணிக்கே வந்து, எண்பது பேருக்குப் பழம் பிழிந்து, சர்க்கரைப் பாகும் சிட்டிகை உப்பும் இஞ்சிச் சாறும் சேர்த்து, ஐஸ் போட்டு மூடி வைத்தாள். பதினோரு மணிக்கு முதல் டம்ளரை வாங்கியது கம்பளிகளைக் கையால் துவைக்கும் அக்கா. அந்தக் கூடத்தில் அவள் சொல்தான் சட்டம். ஒரு வாய் குடித்தாள், அப்படியே சாக்கடையில் துப்பினாள். அதோடு வரிசை கலைந்தது.

நாத்தனார் ஓடிவந்து, "அண்ணி, கசக்குது," என்றாள். "வேப்பெண்ணெய் மாதிரி கசக்குது. நான் உங்களை நம்பி வாக்கு கொடுத்துட்டேன்."

சொட்டு வாயில் ஊற்றிப் பார்த்தாள். உண்மைதான். முகத்தில் ஈயாடவில்லை. ஒன்பது வருடத்தில் ஒருத்தர்கூட ஒருநாளும் கசப்பு என்று சொன்னதில்லை, அதே பழம், அதே பாகு, அதே கை. இதென்ன அநியாயம் என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வண்டியைத் தள்ளினாள்.

வீட்டுக்கு வந்ததும் புலம்பல் நின்றது. அழுது தீர்த்து என்ன ஆகப்போகிறது? அவள் அந்த ரகமும் இல்லை. ஆறு டம்ளரை ஜன்னலோரம் வரிசையாக வைத்தாள். ஒன்றில் விதையோடு, ஒன்றில் விதையில்லாமல், ஒன்றில் இஞ்சியில்லாமல், ஒன்றில் பாகில்லாமல். ஐந்தாவது எல்லாம் வழக்கப்படி. ஐந்திலுமே கடைசிச் சொட்டு வரை. ஆறாவதை மட்டும் பாதி பிழிந்து விட்டாள், அதுவும் மனசே வராமல். சாப்பிட வந்த புருஷன், யாருக்குத் திதி என்று கேட்டுவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டான்.

மூன்று மணி நேரம் கழித்து ஒவ்வொன்றாக நக்கிப் பார்த்தாள். பாதி பிழிந்தது மட்டும் தேன். மற்ற ஐந்தும் கசப்பு. விதை எடுத்ததும் கசப்பு, இஞ்சி இல்லாததும் கசப்பு. அவளுக்கு மண்டையில் அடித்த மாதிரி விளங்கியது. கெட்டியாகத் திருகும்போது தோலின் கசப்பும் கூடவே இறங்குகிறது. உடனே குடித்தால் தெரியாது. நேரம் ஆக ஆகத்தான் அது தலைதூக்குகிறது. வண்டியில் அவள் ஜூஸ் ஐந்து நிமிடம்கூட நின்றதில்லையே, எப்படித் தெரியும்? இத்தனை வருடம் எதைப் பெருமையென்று நினைத்திருந்தாளோ அதுதான் குழி பறித்திருக்கிறது. அவளுக்கு வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது.

இரண்டாம் நாள் பாதி பிழிந்தால் போதும் என்று உட்கார்ந்தாள். வலது கை கேட்டால்தானே? நாலு பழத்துக்கு ஒரு முறை தானாகத் திருகியது. அந்தச் சாற்றையெல்லாம் கீழே கொட்டிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இடது கையால் பிழிந்தாள். இடது கைக்கு அவ்வளவு கெட்டிக்காரத்தனம் கிடையாது. ஜூஸ் அமிர்தமாக வந்தது.

ஆனால் குடிக்க ஆள் வரவில்லை. முதல் நாள் துப்பியதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். நாத்தனார் மட்டும் மூன்று டம்ளர் குடித்து வயிறு உப்பி நின்றாள். மேனேஜர் டிரம்முக்குள் எட்டிப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மூன்றாம் நாள் சொட்டு எட்டு மணிக்கு டிரம்மைத் தயார் செய்துவிட்டு, வாசலில் கம்பளிக்கார அக்காவை மறித்துக்கொண்டாள். கையில் இரண்டு டம்ளர், இரண்டாக அறுத்த ஒரு எலுமிச்சம்பழம்.

"அக்கா, எனக்கு ஒரு உதவி. இதை உங்க கையாலேயே பிழிஞ்சு கொடுங்க."

தினம் நூறு கம்பளி முறுக்குகிற கை அது. முதல் மூடியை ஒரு திருகு திருகியதில் தோலின் உள்பக்கம் வெளியே புரண்டுவிட்டது. சொட்டுவுக்கே பொறாமையாக இருந்தது. இரண்டாவது மூடியை எடுத்தபோது, போதும் என்றதும் விட்டுவிட வேண்டும் என்று சொல்லி வைத்தாள். அக்கா லேசாக அழுத்தினாள்.

"போதும்."

"இன்னும் நிறைய இருக்கே?"

"இருக்கட்டும் அக்கா. விடுங்க."

பக்கத்தில் நின்ற நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சொட்டு வாயிலிருந்து ‘இருக்கட்டும்’ என்ற வார்த்தை வந்ததை அவள் இதுவரை கேட்டதில்லை. இரண்டு டம்ளரிலும் ஒரே அளவு தண்ணீரும் பாகும் ஊற்றி, துணிகளில் அடையாளத்துக்குக் கட்டும் எண் வில்லைகளை ஒவ்வொன்றிலும் அக்காவையே கட்டச் சொல்லி, மூடி வைத்தார்கள். ஏமாற்று என்று நாளைக்கு ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாதில்லையா.

பதினோரு மணிக்கு மெஷின்கள் நின்றன. குடிக்க வரவில்லை, வேடிக்கை பார்க்க எல்லோரும் வந்தார்கள். அக்கா முதல் டம்ளரை வாயில் வைத்தாள், துப்பினாள். அக்கா வாயைக் கொப்பளித்துவிட்டு இரண்டாவதை எடுத்தாள். ஒரு வாய் வைத்து நிறுத்தினாள். பிறகு அண்ணாந்து, மூச்சு விடாமல் கடைசி வரை குடித்தாள்.

"ரெண்டும் என் கைதான்," என்றாள் கூட்டத்தைப் பார்த்து. "நான் முறுக்கினதுதான் கசக்குது. இவ சொன்னபடி விட்டது தேனா இருக்கு." காலி டம்ளரை டிரம்மின் பக்கம் நீட்டினாள். "இதுல ஊத்து."

அதற்கப்புறம் சொட்டுவுக்கு நிமிர நேரமில்லை. வியர்வையில் நனைந்த எண்பது பேரும் வந்தார்கள், பாதிப் பேர் இரண்டாம் முறையும் வந்தார்கள். மணி அடிப்பதற்குள் டிரம்மைச் சாய்த்து வழித்து ஊற்ற வேண்டியதாயிற்று.

மேனேஜர் வந்து டிரம்மைப் பார்த்தார். பிறகு பக்கத்து வாளியைப் பார்த்தார். பாதி பிழிந்த மூடிகள் அதில் கும்பலாகக் கிடந்தன.

"இவ்வளவு சாறை விட்டுட்டீங்களேம்மா?"

அந்தக் கேள்வி அவளுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. இரண்டு நாளாக அவளும் அதைத்தான் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"விட்டுட்டேன் சார்," என்றாள்.

அவர் அறைச் சாவியை டிரம்மின் மூடிமேல் வைத்துவிட்டுப் போனார்.

எல்லோரும் வேலைக்குத் திரும்பிய பிறகு அறைக் கதவைத் திறந்தாள். குழாயைத் திருகினாள். குழாய் இருமிவிட்டுத் தண்ணீரைக் கொட்டியது. அதன் அடியில் இரண்டு கையையும் நீட்டி முழங்கை வரை நனைத்துக்கொண்டாள். பிறகு வாளியிலிருந்த எலுமிச்சை மூடிகளை எடுத்து டிரம்மை உள்ளும் புறமும் தேய்த்துக் கழுவினாள். ஒன்றை மட்டும் ஒதுக்கி வைத்திருந்தாள். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அதை வலது கையில் எடுத்து, பழைய திருகலில் கடைசிச் சொட்டு வரை டம்ளரில் பிழிந்தாள். தண்ணீர் சேர்த்து உடனே குடித்தாள். கசக்கவே இல்லை.