சட்டைக்குள் இருந்த குரல்

அந்த ஆலையில் தைத்த சட்டைகள் ஒரு கோடையில் பேசத் தொடங்கின. தைக்கும்போது விழுந்த பேச்சையெல்லாம் நூல் பிடித்து வைத்துக்கொண்டது. போட்டவரின் உடம்புச் சூடு ஏறியதும் திருப்பிச் சொன்னது. துவைத்தும் போகவில்லை. "வாய மூடு", "கைய ஆட்டுடி", "எருமை" என்று எல்லாம் ஒரே ஆணின் குரல். கல்யாண வீட்டிலும் வங்கியிலும் ஆட்கள் தங்கள் மார்பைத் தாங்களே பொத்திக்கொண்டு நின்றார்கள். கடைக்காரர்கள் மூட்டை மூட்டையாகத் திருப்பி அனுப்பினார்கள்.

குரலுக்குச் சொந்தக்காரர் தையல் வரிசையின் மேற்பார்வையாளர். பெண்களுக்கு நேரில் அவர் சார். கழுத்தில் தொங்கியதை வைத்து, முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயர் விசில். தான் கெட்டவன் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

அவர் மகளின் பள்ளிச் சட்டையும் அங்கே தைத்ததுதான். காலை வணக்கத்தில் எல்லாரும் அமைதியாக நின்றபோது அது வாய் திறந்தது. "மாசமா இருந்தா வீட்ல கெடக்கணும். பாத்ரூமெல்லாம் கெடையாது, தைடி."

மகள் வீட்டுக்கு வந்து சட்டையை மடித்து அவர் மடியில் வைத்தாள். அழவில்லை.

"அப்பா, அந்த அக்கா கடைசில பாத்ரூம் போனாங்களா?"

"போனா கண்ணு. நான்தான் அனுப்பி வச்சேன்."

உடனே அவர் போட்டிருந்த ஆலைச் சட்டை விசில் ஊதியது. "எல்லாரும் இங்க பாருங்கடி, பாப்பா சீட்டெல்லாம் நனைச்சுட்டா" என்றது. பிறகு அவருடைய சிரிப்பு, நீளமாக. அடுப்படியில் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். அவர் சட்டையைக் கழற்றப் பார்த்தார். கழற்றி என்ன, மகள் கேட்டாயிற்று.

மறுநாள் தையல்காரிகள் யாரும் இயந்திரத்தைத் தொடவில்லை. விசில் ஊதிய அன்று இருக்கையில் நனைந்து உட்கார்ந்திருந்தவளே நிறைமாத வயிற்றோடு முதலாளி முன் போய் நின்றாள். "பாத்ரூம் பூட்டக் கழட்டுங்க. எங்கள மனுஷங்களா நெனச்சுப் பேசச் சொல்லுங்க. அதுவரைக்கும் ஒரு தையல் விழாது." முதலாளி சிரித்தார், மிரட்டினார், திரும்பி வந்த மூட்டைகள் கூரையை முட்டியதும் பூட்டைக் கழற்றினார்.

விசில் அவளைத் தனியாகப் பார்த்து, "தப்பு பண்ணிட்டேன்மா" என்றார்.

"மூலையில வந்து சொல்லாதீங்க சார். விசில் ஊதுனீங்களே, அங்க நின்னு சொல்லுங்க. மெஷின் ஓடட்டும்."

சொன்னார். 'பரவாயில்லை' என்று ஒருத்தியும் சொல்லவில்லை, ஊசிகள் ஓடிக்கொண்டிருந்தன.

அப்போது தைத்த சட்டைகளும் ஊர் ஊராக விற்பனையாயின. அவர் தலை நரைத்த பிறகு ஒருநாள், நெரிசலான பேருந்தில், முன்னால் நின்ற இளைஞனின் தொளதொளத்த சட்டை, அவன் அப்பாவுடையதாக இருக்கும், அவருடைய கம்மிய குரலில், "எல்லார் முன்னாலயும் உன்ன அசிங்கப்படுத்துனேன், தப்புதான்" என்றது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். இளைஞன் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, "பெரியவரே, எறங்கலன்னா கொஞ்சம் வழி விடுங்க" என்றான்.