எருமைக்கன்றின் புதுக் குரல்

நாற்பது வயதிலும் கார்ட்டூனை விடாதவர் மணிலாவில் எங்கள் தெருவில் இருக்கும் ரொடெல். அதில் வரும் எருமைக்கன்றுக்கு டகாலாக் மொழியில் குரல் கொடுப்பவளை மாற்றியதிலிருந்தே கொதித்துக்கொண்டிருந்தார். "புதுசா பேசுறவ எங்க தெருவுலதான் இருக்கா, பச்சை கேட். யாராவது போய் அவ வாயை மூடுங்கப்பா" என்று பேஸ்புக்கிலும் எழுதிவிட்டார்.

"வயசுக்கேத்த பேச்சா ரொடெல் இது?" என்று கேட்டேன்.

"கலைக்கு ஏது வயசு, அக்கா?"

இன்று மாலை, ஹெல்மெட்டைக் கழற்றாத இருவர் பச்சை கேட்டைத் தேடி வந்தார்கள். ரொடெல் பதறி ஓடினார்.

"சும்மா எழுதினேன்பா, போயிடுங்க."

"நீங்க சொன்னீங்கன்னுதானேண்ணே வந்தோம்" என்று ஒருவன் மரியாதையாகச் சொல்லிவிட்டு, கேட்டைத் தட்டினான்.

வழக்கமாகத் தட்டும் தெருப்பிள்ளைகள் என்று நினைத்து, அந்தப் புதுக் குரல்காரி லிகாயா உள்ளிருந்து கன்றுக்குட்டியின் குரலிலேயே சொன்னாள்:

"வந்துட்டேன் செல்லங்களா."

தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.